வெள்ளையாகப் பிறந்த பெண்குட்டி: புள்ளிக் குதிரைச் சேர்க்கை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

ஆறு வயதுப் பெண்குதிரை. செம்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால், முழங்காலுக்குக் கீழே கறுப்பு. புள்ளி என்று எதுவும் கண்ணில் படாததால் பதிவேட்டில் ‘ஒரே நிறம்’ என்று குறித்திருக்கிறார்கள். இதற்குச் சேர்த்த பொலிகுதிரை லெப்பர்டு வகை: வெள்ளை உடம்பில் தலையிலிருந்து கால்வரை கரும்புள்ளிகள். குட்டி ஒன்று அப்பனைப்போலப் புள்ளியோடு வரும், இல்லையென்றால் அம்மாவைப்போல வரும் என்று உரிமையாளர் கணக்குப் போட்டிருந்தார். பிறந்த பெண்குட்டி ஏறக்குறைய முழு வெள்ளை. காதோரத்திலும் அடிவயிற்று மடிப்பிலும் கொஞ்சம் கருமயிர், முழங்காலுக்குக் கீழே கறுப்புக் கீற்றுகள். வேறு நிறம் இல்லை.

எழுந்த கேள்விகள் மூன்று. பொலிகுதிரை மாறிவிட்டதா? இது உயிருக்கு ஆபத்தான வெள்ளையா? மூன்றாவது கேள்வி சில வாரம் கழித்து வந்தது. பகலில் துள்ளித் திரியும் குட்டி, அந்தி சாய்ந்ததும் தாயின் விலாவை ஒட்டியே நிற்கிறது. தாய் நகர்ந்தால் வேலியில் இடிக்கிறது.

இது பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு. தனி ஒரு குதிரையின் கோப்பு அல்ல. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு கண்டறிதலும் புள்ளிக் குதிரை வளர்ப்பில் வழக்கமாக எதிர்ப்படுவதுதான்.

முதல் நாள்: எந்த வெள்ளை?

வெள்ளைக்குட்டி பிறந்தால் மரபியலுக்குப் போகும் முன் சாணத்தைப் பார்க்க வேண்டும். இடிஎன்ஆர்பி மரபணுவின் ஃபிரேம் ஓவரோ மாற்றம் இரு பெற்றோரிடமிருந்தும் வந்த குட்டிக்குப் பெருங்குடலில் நரம்பணுக்களே இருக்காது. பிறந்தவுடன் நன்றாக எழுந்து பால் குடிக்கும். ஆனால் முதல் சாணம் இறங்காது, சில மணி நேரத்தில் வயிற்றுவலி தொடங்கும், ஓரிரு நாளில் இறந்துவிடும். சிகிச்சை கிடையாது. அப்படிப்பட்ட குட்டிக்கு மேனி முழுக்க வெள்ளை, தோல் இளஞ்சிவப்பு, கண் பெரும்பாலும் நீலம். நம் குட்டிக்குக் கண் பழுப்பு. முதல் சாணமும் நேரத்துக்கு இறங்கியது. பயப்பட வேண்டிய வெள்ளை இதோடு விலகியது.

அடுத்தது கிரீம் மரபணுவின் இரட்டைப் பிரதி. அதில் மயிர் வெண்ணெய் நிறமாகவும், தோல் இளஞ்சிவப்பாகவும், கண் வெளிர்நீலமாகவும் இருக்கும். பிடரியிலோ காலிலோ உண்மையான கறுப்பு தங்காது. இந்தக் குட்டியின் கால்கீற்று நல்ல கறுப்பு, ஆகவே அதுவும் இல்லை. கிட் மரபணுவின் ‘ஓங்கு வெள்ளை’ மாற்றங்களை, அதாவது ஒரு பிரதியே மேனியை வெளுக்கச் செய்பவற்றைக், கண்ணால் மட்டும் பார்த்து ஒதுக்கிவிட முடியாது, அதற்கு டிஎன்ஏ வேண்டும். ‘அல்பினோ’ என்ற பேச்சை மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். எலியிலும் முயலிலும் காண்பது போன்ற, செங்கண்ணோடு கூடிய முழு அல்பினோ நிலை குதிரைகளில் அறியப்படவில்லை.

காதோரக் கருமயிர், அடிவயிற்று மடிப்பு, கால்கீற்று ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது ‘ஃப்யூஸ்பாட்’ என்ற வடிவத்தின் அடையாளம். அது எல்பி என்னும் லெப்பர்டு தொகுதி மரபணுவின் இரட்டைப் பிரதியைக் காட்டுகிறது. பிரதி இரண்டு என்றால் ஒன்று தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். பொலிகுதிரை மாறியிருந்தாலும் இந்த முடிவு மாறாது. எனவே சந்தேகம் அப்பனைவிட ‘ஒரே நிறம்’ என்று எழுதப்பட்ட தாயின் மேல்தான் விழ வேண்டும்.

தாயை மறுபடி பார்த்தல்

எல்பி ஒரு பிரதி இருந்தும் மேனியில் வெள்ளை வராத குதிரைகள் நிறைய. அவற்றைக் காட்டிக்கொடுப்பவை தோலும் குளம்பும் கண்ணும். வால் தூக்கிப் பார்த்தால் ஆசனவாயையும் பெண்குறியையும் சுற்றிக் கருந்தோலில் இளஞ்சிவப்புத் திட்டுகள் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். மூக்குமுனையிலும் உதட்டிலும் அப்படியே. நெற்றிச்சுட்டி உதடுவரை இறங்கி வந்ததால் ஏற்படும் இளஞ்சிவப்பு வேறு. அது ஒரே தட்டையான திட்டாக, தெளிந்த விளிம்போடு இருக்கும். எல்பியின் திட்டு கலங்கலாக, கருமையும் சிவப்பும் மாறி மாறி வரும்.

குளம்பில் மேலிருந்து கீழாக வெளிர், கருமைக் கோடுகள் ஓடும். ஆனால் குளம்புக்கு மேலே கால் வெள்ளையாக இருந்தால் அந்தக் கோட்டுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் சாதாரண வெள்ளைக்கால் குதிரைக்கும் வெளிர்க் குளம்பும் கோடும் வரும். கருங்காலுக்குக் கீழே கோடு இருந்தால் மட்டுமே கணக்கு. கண்ணின் வெண்படலம் வெளியே தெரிவதும் அப்படித்தான். முகத்தில் பெரிய வெள்ளை இல்லாத குதிரையில்தான் அது சான்று.

இந்தத் தாய்க்குக் கருங்கால், அதன் கீழே மூன்று குளம்புகளில் தெளிவான கோடு. வாலுக்கடியில் திட்டு. இடுப்பெலும்பின் மேல் சிதறிய வெள்ளை மயிர், அதைச் சேணம் உரசிய தழும்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேணம் இடுப்பில் உட்காருவதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இடுப்பு வெள்ளை ஆண்டுக்கு ஆண்டு பரவுகிறதா என்று பழைய படங்களை வைத்துப் பார்ப்பது பயன் தரும். எல்பி குதிரை வயது ஏற ஏற வெளுக்கும், ஆனால் மூக்கெலும்பு, கன்ன எலும்பு, இடுப்பு முனை போன்ற எலும்பு மேட்டுப் பகுதிகளில் கருமை தங்கும். இதை ‘வார்னிஷ் ரோன்’ என்பார்கள். கிட் மரபணு வழிவரும் வழக்கமான ரோனில் (வெள்ளை மயிர் கலந்த மேனியில்) உடம்பில் வெள்ளை மயிர் சீராகக் கலந்திருக்கும், தலையும் காலும் கருமையாகவே நிற்கும், ஆண்டுகள் போனாலும் அந்த நிலை பெரிதாக மாறாது. நரைக் குதிரை வேறு கதை. எஸ்டிஎக்ஸ்17 மரபணுவுக்குள் 4,600 டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு இரட்டிப்பதால் வரும் நரை, லெப்பர்டின் புள்ளிகளையும் சேர்த்தே வெளுக்கச் செய்துவிடும். விற்பனைக்கு நிற்கும் லெப்பர்டு குட்டியின் கண்ணைச் சுற்றி வெள்ளை மயிர் தென்பட்டால் நரை மரபணுவையும் சோதிக்கக் கேளுங்கள்.

மாதிரி எடுத்தல், சோதனை

தாய், பொலி, குட்டி மூன்றிலிருந்தும் மாதிரி வேண்டும். பிடரியிலோ வாலிலோ 20 முதல் 40 மயிர், வேரோடு பிடுங்கியது. கத்தரித்த மயிரில் வேர் இல்லை, வேர் இல்லையென்றால் சோதனைக்கு வேண்டிய டிஎன்ஏ இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக விரலில் சுற்றி, மயிர் வளரும் திசைக்கு எதிராக வெடுக்கென இழுத்தால் வேர் வரும். முனையில் சின்ன வெண்குமிழ் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குட்டியின் பிடரி மயிர் நூலிழை மாதிரி, வேரும் சிறிது. ஆகவே வாலிலிருந்து, எண்ணிக்கையைக் கூட்டி எடுப்பது நல்லது. காகித உறையில் போட்டு உலர வைத்து அனுப்ப வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.

அதிகம் நடக்கும் தவறு வேறு. தாயும் குட்டியும் ஒரே லாயத்தில் உரசிக்கொண்டு நிற்கும். தாயின் மயிரை எடுத்த கையோடு குட்டியையும் எடுத்தால் இரண்டும் கலந்துவிடும். குட்டியை முதலில் எடுத்து, உறையை ஒட்டி, பெயர் எழுதி, கை கழுவி, பிறகு தாயிடம் போக வேண்டும்.

கேட்க வேண்டிய சோதனைகள்: எல்பி, பேட்டர்ன்-1 (வெள்ளையின் பரப்பைக் கூட்டும் மரபணு மாற்றம்), பெற்றோர் சரிபார்ப்பு. வெள்ளைக்குட்டி என்பதால் ஃபிரேம் ஓவரோவும் கிட் மரபணுவின் வெள்ளை வகைகளும்.

எல்பி முடிவு ஏன் சில நேரம் தவறுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். எல்பி என்பது டிஆர்பிஎம்1 மரபணுவின் முதல் இன்ட்ரானில் (புரதமாக மாறாத இடைப்பகுதியில்) பழைய ரெட்ரோவைரஸ் ஒன்றின் எச்சமாக நுழைந்த 1,378 எழுத்து நீளத் துண்டு. இருபுறமும் ஒரு ஜோடி பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மட்டும் வைத்து பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுப்பைச் செய்தால், துண்டு இல்லாத குட்டைப் பிரதி வேகமாகப் பெருகும், துண்டு உள்ள நெட்டைப் பிரதி பின்தங்கும். டிஎன்ஏ குறைவான மாதிரியில் நெட்டைப் பட்டை தெரியாமலே போகலாம். அப்போது ஒரு பிரதி உள்ள குதிரை ‘எல்பி இல்லை’ என்று வரும். துண்டுக்குள்ளேயே மூன்றாவது பிரைமரை வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். மேனி ஒன்று சொல்லி அறிக்கை வேறொன்று சொன்னால், புது மாதிரி கொடுத்து மறுபடி கேட்பதில் தப்பில்லை.

முடிவு: தாய் எல்பி ஒரு பிரதி, பேட்டர்ன்-1 இல்லை. பொலி எல்பி ஒரு பிரதி, பேட்டர்ன்-1 ஒரு பிரதி. குட்டி எல்பி இரண்டு பிரதி, பேட்டர்ன்-1 ஒரு பிரதி. ஃபிரேம் ஓவரோவும் சோதித்த கிட் வகைகளும் இல்லை. பெற்றோர் சரிபார்ப்பில் ஒவ்வொரு குறியிடத்திலும் ஒன்று தாயோடும் மற்றொன்று பொலியோடும் பொருந்தியது. பொலிகுதிரை மாறவில்லை.

இரண்டு மரபணு, ஒரு மேனி

புள்ளியைத் தருவது ஒரே மரபணு என்று நினைப்பதில்தான் கணக்கு பிசகுகிறது. எல்பி இருந்தால்தான் வடிவமே உண்டு. வெள்ளை எவ்வளவு பரவும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பேட்டர்ன்-1. இது 3-ஆம் குரோமோசோமில் ஆர்எஃப்டபிள்யூடி3 மரபணுவின் வால்பகுதியில் உள்ள ஒற்றை எழுத்து மாற்றம், 2016-இல் வெளியானது. ஒரு பிரதியே போதும், உடம்பின் 60 சதவீதத்துக்கு மேல் வெள்ளை பரவும். ஆனால் எல்பி இல்லாத குதிரையில் பேட்டர்ன்-1 இரண்டு பிரதி இருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது.

இதனால் வடிவங்கள் இப்படிப் பிரிகின்றன. எல்பி ஒன்று, பேட்டர்ன்-1 உண்டு: லெப்பர்டு அல்லது அதை ஒட்டியது, நல்ல புள்ளிகளோடு. எல்பி ஒன்று, பேட்டர்ன்-1 இல்லை: பிட்டத்தில் போர்த்தியது போன்ற ‘பிளாங்கெட்’, அல்லது வார்னிஷ் ரோன் மட்டும், அல்லது இந்தத் தாயைப்போலத் தோலிலும் குளம்பிலும் மட்டும். எல்பி இரண்டு, பேட்டர்ன்-1 உண்டு: ஃப்யூஸ்பாட். எல்பி இரண்டு, பேட்டர்ன்-1 இல்லை: பிட்டத்தில் புள்ளியில்லா வெள்ளை, ‘ஸ்னோகேப்’, அல்லது அதைவிடக் குறைவு. வெள்ளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேறு மரபணுக்களும் உண்டு, செவலைக் குதிரையில் பொதுவாக வெள்ளை கூடுதலாகவே பரவும். ஆகவே மேலே சொன்ன எல்லைகள் கோடு போட்டது போல நிற்கா.

கவனிக்க வேண்டியது: புள்ளி என்பது ஒற்றைப் பிரதியின் அடையாளம். வெள்ளைப் பரப்பில் கருந்திட்டு மீண்டு வருவது எல்பி ஒன்றாக இருக்கும்போதுதான் நன்றாக நடக்கிறது. இரண்டானால் திட்டுகள் அநேகமாக மறைந்துவிடும். புள்ளியும் புள்ளியும் சேர்த்தால் இரட்டிப்புப் புள்ளி வரும் என்று எதிர்பார்ப்பவருக்கு நால்வரில் ஒன்று புள்ளியே இல்லாத குட்டி வருவது இதனால்தான்.

இந்த ஜோடிக்கு எண்ணைப் போட்டுப் பார்ப்போம். எல்பி பக்கத்தில் இரண்டு பிரதிக்கு 1/4, ஒன்றுக்கு 1/2, இல்லாமைக்கு 1/4. பேட்டர்ன்-1 பொலியிடம் மட்டும் ஒன்று, எனவே குட்டிக்கு வரும் வாய்ப்பு 1/2. பெருக்கினால் லெப்பர்டு 1/4, வெள்ளை குறைந்த ஒற்றைப்பிரதிக் குட்டி 1/4, ஃப்யூஸ்பாட் 1/8, ஸ்னோகேப் வகை 1/8, ஒரே நிறம் 1/4. ஒரே நிறக் குட்டிகளில் பாதி பேட்டர்ன்-1-ஐச் சத்தமில்லாமல் சுமக்கும். வந்திருப்பது 12.5 சதவீத வாய்ப்பு உள்ள குட்டி. அரிது, ஆனால் அதிசயம் அல்ல.

அந்தியில் ஏன் இடிக்கிறது

டிஆர்பிஎம்1 தோலின் நிற அணுக்களில் மட்டும் இயங்குவதில்லை, விழித்திரையிலும் அதற்கு வேலை உண்டு. இருட்டில் கோல் அணுக்கள் (மங்கலான ஒளியை உணர்பவை) குளூட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளைத் தொடர்ந்து கசியவிடும். அது செய்தியை அடுத்து வாங்கும் இருமுனை அணுக்களின் மேல் விழுந்து டிஆர்பிஎம்1 என்ற அயனி வாயிலை மூடியே வைக்கும். ஒளி பட்டதும் குளூட்டமேட் குறையும், வாயில் திறக்கும், ‘ஒளி வந்தது’ என்ற செய்தி அடுத்த அணுவுக்குப் போகும். நுழைந்த ரெட்ரோவைரஸ் துண்டு மரபணுவின் ஆர்என்ஏ நகலைப் பாதியிலேயே முடித்துவிடுகிறது. எல்பி இரட்டைப்பிரதிக் குதிரையின் விழித்திரையில் இந்த மரபணுவின் வெளிப்பாடு, இயல்பில் ஒரு சதவீதத்தையும் எட்டாது. வாயிலே இல்லாதபோது கோல் அணு எத்தனை நன்றாக வேலை செய்தாலும் செய்தி போய்ச்சேராது. பகல் பார்வைக்குக் கூம்பு அணுக்களும் வேறு வழிகளும் கைகொடுப்பதால் குதிரை பகலில் சமாளிக்கிறது.

ஆகவே இது பிறவி மாலைக்கண். வயதோடு மோசமாவதில்லை, மேம்படுவதும் இல்லை. வைட்டமின் ஏ கொடுத்துப் பார்ப்போம் என்ற யோசனை வீண். குறைபாடு இல்லாத குட்டிக்கு அது அளவு மீறினால் கேடும் கூட.

உறுதி செய்யும் சோதனை மின்விழித்திரைப் பதிவு, அதாவது ஒளி பட்டதும் விழித்திரையில் எழும் மின் அலையைப் பதிவது. குறைந்தது 20 நிமிடம் இருட்டில் வைத்து, மயக்கமருந்து கொடுத்து, இமையை மரக்கச் செய்து, கருவிழியில் தொடு மின்முனை வைத்து, ஒளிப்பொறி பாய்ச்சுவார்கள். இயல்பான கண்ணில் முதலில் கீழ்நோக்கி ஒரு சிறு அலை, பிறகு மேல்நோக்கிப் பெரிய அலை. முதல் அலை ஒளியுணர் அணுக்களுடையது, இரண்டாவது இருமுனை அணுக்களுடையது. இந்தக் குட்டியில் கீழலை இருக்கிறது, மேலலை இல்லை. விழித்திரையை நேரே பார்த்தால் எல்லாம் இயல்பாகவே தெரியும், எனவே கண்ணாடி வைத்துப் பார்த்து ‘கண் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வது இங்கே போதாது. இருட்டுப் பழக்கம் போதாமல் பதிவெடுத்தால் நல்ல கண்ணிலும் மேலலை சுருங்கிப் பொய் முடிவு தரும். மின்முனைக்கும் கருவிழிக்கும் இடையில் ஜெல் வறண்டால் வெறும் இரைச்சல்தான் பதிவாகும்.

சோதனைக்கூடம் அருகில் இல்லையென்றால் டிஎன்ஏ அறிக்கையே போதும். எல்பி இரண்டு பிரதி என்றால் மாலைக்கண் என்றே எடுத்துக்கொண்டு நடக்கலாம். இந்தப் பிணைப்பு அப்பலூசா குதிரைகளில் முதலில் உறுதியானது, நாப்ஸ்ட்ரப்பர் உள்ளிட்ட மற்றப் புள்ளி இனங்களிலும் இதே துண்டுதான்.

இது மனிதன் உண்டாக்கிய கோளாறும் அல்ல. 2011-இல் வெளியான பழைய டிஎன்ஏ ஆய்வில், மனிதன் குதிரையை வீட்டு விலங்காக்கும் முன் வாழ்ந்த 31 குதிரைகளில் 6 எல்பி சுமந்தன. பிரான்சின் பெஷ் மெர்ல் குகையில் ஏறக்குறைய 25,000 ஆண்டுக்கு முந்திய புள்ளிக் குதிரை ஓவியம், வரைந்தவர் கண்ணால் கண்டதாகவே இருக்கலாம்.

பராமரிப்பு

புது மேய்ச்சல் வெளியில் விடுவது எப்போதும் காலையில், வேலியோரமாக ஒரு சுற்று நடத்திக் காட்டிய பிறகு. தண்ணீர்த் தொட்டி, தீனித்தொட்டி இடம் மாறக்கூடாது. முள்கம்பி வேண்டாம், அகலமான வெள்ளைப் பட்டை வேலி போதும். விளக்கை இருட்டிய பிறகு போடுவதைவிட அந்திக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. வெயிலிலிருந்து இருண்ட லாயத்துக்குள் நுழையும்போது வாசலில் நின்று நிதானித்து நடத்த வேண்டும், இழுத்தால் மிரளும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே அருகில் போவது பழக்கமாகட்டும். இரவுப் பயணமும் இரவுச் சவாரியும் கூடாது. தாயிடமிருந்து பிரிக்கும் நாளில் அமைதியான துணைக்குதிரை ஒன்றை முன்கூட்டியே பழக்க வேண்டும். பால்மறந்த அன்றிரவுதான் வேலிக் காயங்கள் அதிகம்.

மாலைக்கண்ணைவிடக் கவலைக்குரியது மறுபடி மறுபடி வரும் உள்விழி அழற்சி. எல்பி குதிரைகளுக்கு இதன் ஆபத்து கூடுதல், இரட்டைப் பிரதியில் மிக அதிகம். மற்ற இனங்களில் கண் சிவந்து, நீர் கொட்டி, வலியால் மூடிக்கொள்ளும். எல்பி குதிரைகளில் பெரும்பாலும் ஓசையில்லாமல் வந்து கண்ணைக் கெடுத்துவிட்டுப் போகும். லேசான நீலப்புகை, சுருங்கியே நிற்கும் பாவை, ஓரம் ஒழுங்கிழந்த பாவை, கதிராளியின் (பாவையைச் சுற்றிய நிற வளையத்தின்) நிறமாற்றம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவர். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு இருமுறை கண் பரிசோதனை. இமையோரமும் மூக்குமுனையும் இளஞ்சிவப்பு என்பதால் வெயிலுக்குப் புறஊதா தடுக்கும் முகவலையும் துத்தநாக ஆக்சைடு பூச்சும் வேண்டும். அந்தத் தோலில் வெயில் புண்ணும், பின்னால் புற்றும் வரக்கூடும்.

அடுத்த சேர்க்கை

இதே ஜோடியை மறுபடி சேர்த்தால் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு மாலைக்கண் வாய்ப்பு, லெப்பர்டு கிடைப்பதும் நான்கில் ஒரு பங்குதான். இதைவிட நல்ல வழிகள் உண்டு.

தாயை எல்பி இல்லாத, ஆனால் பேட்டர்ன்-1 இரண்டு பிரதி சுமக்கும் ஒரே நிறப் பொலிகுதிரையோடு சேர்க்கலாம். பாதிக் குட்டிகளுக்கு எல்பி ஒன்று வரும், எல்லாவற்றுக்கும் பேட்டர்ன்-1 ஒன்று வரும். லெப்பர்டு 50 சதவீதம், மாலைக்கண் சுழியம். புள்ளிக் குடும்பத்தில் பிறந்த ‘வெறும்’ பொலிகுதிரைகளை யாரும் மதிப்பதில்லை. மதிக்காமல் ஒதுக்கியவற்றில்தான் இந்த வகையைத் தேட வேண்டும்.

பொலியை எல்பியும் பேட்டர்ன்-1-உம் இல்லாத பெண்குதிரையோடு சேர்த்தால் லெப்பர்டு 25 சதவீதம், மாலைக்கண் இல்லை. முன்பிருந்த அதே லெப்பர்டு வாய்ப்பு, ஆபத்து மட்டும் கழிந்தது.

மிக உறுதியான கணக்கு அந்த வெள்ளைக்குட்டியிடமே இருக்கிறது. அது வளர்ந்து இனப்பெருக்க வயதுக்கு வந்து, கண் அழற்சி இல்லாமலிருந்தால், எல்பி இல்லாத எந்தப் பொலியோடு சேர்த்தாலும் அதன் குட்டிகள் அத்தனைக்கும் எல்பி சரியாக ஒரு பிரதி. ஒன்றுக்கும் மாலைக்கண் வராது. பேட்டர்ன்-1 இல்லாத பொலி என்றால் பாதி லெப்பர்டு, பேட்டர்ன்-1 இரண்டு உள்ள பொலி என்றால் அத்தனையும் லெப்பர்டு அல்லது அதை ஒட்டிய வடிவம். செய்யக்கூடாத ஒன்றே ஒன்று, இதை இன்னொரு புள்ளிக் குதிரையோடு சேர்ப்பது: லெப்பர்டோடு என்றால் பாதிக் குட்டிகள் மாலைக்கண், இன்னொரு ஃப்யூஸ்பாட்டோடு என்றால் எல்லாமே.

பதிவேட்டில் திருத்த வேண்டியவை இரண்டு. தாயின் ‘ஒரே நிறம்’ என்ற குறிப்பை நீக்கி எல்பி ஒரு பிரதி, பேட்டர்ன்-1 இல்லை என்று எழுத வேண்டும். குட்டியின் பக்கத்தில் மரபணு வகையோடு ‘இரவில் பார்வை இல்லை’ என்பதையும் எழுத வேண்டும். விற்றாலும் சவாரிக்குக் கொடுத்தாலும், வாங்குபவர் கையில் அந்தப் பக்கம் போய்ச்சேர வேண்டும்.